நாலு வாய் பஞ்சாமிர்தம்

ஒரு விரல்தான். விரல்கூட இல்லை, விரல் நுனி. அதை நாக்கில் தடவினால் அதற்குப் பெயர் சாப்பாடா? நாச்சிமுத்து தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தான். செம்புக் கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல், நகக்கண்ணில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வார்னிஷ் கறுப்பு. தாராபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவனுடைய விரல் வேறு எப்படி இருக்கும். அந்த விரலால்தான் இன்று காலை ஏழு மணிக்கு, இதே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராந்தா மூலையில், புறா பார்க்கலாம் வா என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய், பழனிப் பஞ்சாமிர்தத்தைத் தொட்டு அவள் நாக்கில் வைத்தான். இப்போது மணி பத்தாகப் பத்து நிமிஷம். மகள் உள்ளே இருக்கிறாள். எதிரே பச்சைக் கதவு, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது இன்னும் எரியவில்லை. எரிந்தால் ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம் என அட்டெண்டர் சொல்லியிருந்தார். ஐந்து நிமிஷம் முன்பு வரை அவன் அந்த விளக்கு எப்போது எரியும் எப்போது எரியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எரியக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லாம் அந்த உடுமலைக்காரரால் வந்தது.

அவர் பெயர் தெரியாது. எதிர் நாற்காலியில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மீசைக்காரர், தங்கை மகனுக்காக வந்திருக்கும் தாய்மாமன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனுஷன். ரேணுகாவைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்கினார். "எங்க பையனுக்கு முந்தாநேத்தே பண்ணியிருக்கோணுமுங்க. விடியக்காலம் அழுதான்னு எந்தங்கச்சி ரெண்டு பிஸ்கட்டைக் குடுத்துப்போட்டா. மயக்க மருந்து டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சு, வெளிய வந்து புடிச்சாங்க பாருங்க ஒரு புடி." ரேணுகா தலையை நிமிர்த்தி, "ரெண்டு பிஸ்கட்டுக்கா?" என்றாள். "நானும் அதேதான் கேட்டேன். மயக்கத்துல கெடக்கையில வயித்துல இருக்கறது மேல வந்துச்சுன்னா, முழிச்சிருக்கற ஆளாட்டம் துப்பத் தெரியாதாமுங்க. நேரா நுரையீரலுக்குள்ள எறங்கிருமாம். அப்பறம் இருதயத்த அடைச்சு என்ன பண்றது?" சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார். ரேணுகா, "நாங்க ராத்திரிக்கப்பறம் பச்சைத் தண்ணி காட்டலீங்க" என்றாள். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது, பரீட்சைக்கு முழுசாகப் படித்துவிட்டு வந்தவளின் பெருமை. நாச்சிமுத்து சட்டென்று பச்சைக் கதவைப் பார்த்தான். அதுவரை இந்தப் பட்டினி ஆஸ்பத்திரிக்காரர்களின் ஒரு சடங்கு என்றுதான் நினைத்திருந்தான். செருப்பை வெளியே விடச் சொல்வது போல, கொலுசைக் கழற்றச் சொல்வது போல. ஏன் என்று கேட்கவில்லை. கோயிலில் யாராவது ஏன் என்று கேட்பார்களா?

கோயில் என்று வந்ததால்தான் இந்தத் தப்பே. நேற்று சாயங்காலம் சிஸ்டர் வந்து, "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஒண்ணும் குடுக்கக் கூடாது, பாப்பா வெறும் வயித்தோட வரணும்" என்று சொன்ன அந்த நொடியே அவன் மனசு அதை விரதம் என்று எழுதிக்கொண்டுவிட்டது. வெறும் வயிறு அவனுக்குப் புதுசா? பதினாறு வருஷமாகத் தை மாதம் மாலை போட்டு, தாராபுரத்திலிருந்து பழனிக்கு வெறுங்காலோடு நடக்கிறவன். பூசை முடியும்வரை ஒரு வாய் காப்பி கிடையாது. ஆனால் சாமி பிரசாதம் எந்த விரதத்தையும் முறித்ததாக அவன் வம்சத்திலேயே கேள்விப்பட்டதில்லை. விரதக்காரனுக்குத் தீர்த்தம் கொடுப்பார்கள், விபூதியை வாயில் போடுவார்கள், கையேந்தினால் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் விழும். அதைத் தின்றவனைப் பார்த்து, நீ சாப்பிட்டுவிட்டாய் போ என்று எந்தக் குருசாமி சொன்னார்? மகளின் நெஞ்சில் ஓட்டை என்று தெரிந்த மாதமே வேண்டிக்கொண்டான், அடைக்கிற நாளில் முதலில் உன் பிரசாதம்தான் அவள் வாயில் படும் முருகா என்று. போன வாரம் போய் வாங்கி வந்து, டப்பாவைத் துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்திருந்தான். ரேணுகாவுக்குச் சொல்லவில்லை. அவள் எதையும் எழுத்துக்கு எழுத்து பிடிக்கிறவள். நேற்று ராத்திரி பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்ததற்கே எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்று அப்போது அவளைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பூசாரி சரியாகத்தான் இருந்திருக்கிறாள்.

விளக்கு எரியவில்லை. சுவரில் டிவி ஓடுகிறது, சத்தம் இல்லாமல். ஒரு பெண் சிரித்துக்கொண்டே வாணலியில் எதையோ பொரிக்கிறாள். பட்டினிக் குழந்தைகளின் பெற்றோர் உட்காரும் இடத்தில் சமையல் போட்டவன் யார், அவனுக்கும் ஒரு பிள்ளை இருக்காதா. ஏசி பிடரியில் ஊதுகிறது. ரேணுகாவின் மூடிய கைக்குள் மகளின் கொலுசு. அவள் கையை மாற்றும்போதெல்லாம் அது சின்னதாகக் கிணுங்குகிறது, ஒவ்வொரு தடவையும் அவன் தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்புகிறது. தன்விகா. எண் கணிதம் பார்க்கிறவர் சொன்ன பெயர். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் அது, வீட்டில் பாப்பா, அவன் வாயில் சாமி. ஆறு வயது, பதினாறு கிலோ. ஒன்றாம் வகுப்பில் மருத்துவ முகாமுக்கு அவனும் கூடப் போயிருந்தபோது அவள் முதுகில் குழலை வைத்த டாக்டர் எடுக்கவே இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷம், இவளுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம். நாச்சிமுத்துவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவனும் கடையில் அப்படித்தான், ஸ்க்ரூடிரைவர் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து பேரிங் சத்தம் கேட்பான். நல்ல மோட்டாரை யாரும் அவ்வளவு நேரம் கேட்பதில்லை. இருதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை, பதினாறு மில்லிமீட்டர் என்று பிறகு சொன்னார்கள். அன்று கடைக்கு வந்து பதினாறாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அதன் வாய்க்குள் தன் விரலை விட்டுப் பார்த்தான். தாராளமாகப் போனது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டு அழுதான்.

நெஞ்சைக் கிழிக்க வேண்டாம் என்றார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். தொடை இடுக்கில் ஒரு ஊசித் துளை. அதன் வழியே ரத்தக்குழாய்க்குள் மெல்லிசான ட்யூபை விட்டு, இருதயம் வரை ஏற்றி, அதற்குள் மடக்கி வைத்த வலைத்தட்டைக் கொண்டுபோய், ஓட்டைக்கு அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் பாதி விரித்துவிடுவார்களாம். சட்டையில் பொத்தான் உட்காருவது போல உட்கார்ந்துகொள்ளும், ஆறு மாதத்தில் அதன்மேல் சதை மூடிவிடும், மறுநாளே வீட்டுக்குப் போகலாம். டாக்டர் படம் வரைந்து காட்டினார். நாச்சிமுத்துவுக்கு அது சுலபமாகப் புரிந்தது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கம்பியை ஓட்டுவது அவன் தொழில். எங்கே இடறும், எங்கே அவசரப்பட்டால் கீறும் என்று கைக்குத்தான் தெரியும். "எப்படிங்க சார் உள்ள பாத்துட்டே பண்ணுவீங்க?" என்று கேட்டான். தொண்டை வழியாக ஒரு கருவியை இறக்கி, இருதயத்தின் பின்னாலிருந்து படம் பார்த்துக்கொண்டே செய்வோம் என்றார் டாக்டர். தொண்டை வழியாக. இப்போதுதான் அந்தச் சொல் வந்து தைக்கிறது. அந்தத் தொண்டைக்குக் கீழேதான் வாழைப்பழமும் வெல்லமும் நெய்யும் இருக்கின்றன. கருவி இறங்கும்போது பிள்ளைக்குக் குமட்டுமா, மயக்கத்தில் குமட்டல் வருமா, வந்தால் யாருக்காவது தெரியுமா. நாச்சிமுத்து தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டான். ஒரு விரல் நுனிதான் என்று மறுபடி சொல்லிக்கொண்டான்.

அது பொய். பொய் என்று தெரிந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். விரல் நுனி முதலில். நாக்கில் பட்டதும் அவள் கண்ணை மூடிச் சப்புக் கொட்டினாள். "இன்னும்ப்பா" என்றாள். இன்னொரு விரல், அது நுனி அல்ல, முழு விரல். பிறகு ஒரு பேரீச்சம்பழத் துண்டு, அதை மென்றாள். கற்கண்டு பல்லில் நறுக்கென்று உடைந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அப்புறம் டப்பா மூடியையே கரண்டியாக்கி இரண்டு முறை. மொத்தம் எவ்வளவு? அவன் கடைக்கு மோட்டாரைக் கொண்டுவரும் குடியானவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, "என்னங்க பண்ணுனீங்க?" என்பதுதான். "ஒண்ணும் பண்ணலீங்க தம்பி, ஓடிட்டே இருந்துச்சு, தானா நின்னு போச்சு." எல்லாருக்கும் இதே பதில். காயிலைப் பார்த்தாலே தெரியும், கிணற்றில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது, கரிந்து நாறுகிறது. "தண்ணியில்லாம ஓட்டுனீங்களா?" "இல்லவே இல்லீங்க." "எத்தனை நேரம்?" "ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும்." இல்லவே இல்லை ஐந்து நிமிஷமாகி, ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரமாகி, கடைசியில் ராத்திரி முழுக்க என்று வெளியே வரும். உண்மையைச் சொன்னால்தானே சரியாகக் கட்ட முடியும், என்னிடம் மறைத்து யாருக்கு லாபம் என்று அவன் எத்தனை பேரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறான். இப்போது ஒரு விரல் நுனி, ஒரு விரல், இரண்டு மூடி என்று அவன் மனசுக்குள்ளேயே அந்தக் குடியானவன் உட்கார்ந்து கணக்குச் சொல்கிறான். நாலு வாய். நாலு வாய்க்குக் குறையாது.

வேண்டுதல் என்பதும் முழு உண்மை இல்லை. வேண்டுதலுக்கு விரல் நுனி போதுமே, மூடி எதற்கு? விடிகிற நேரத்தில் அவள் எழுந்து, அழக்கூட இல்லாமல், "பசிக்குதுப்பா" என்றாள். அம்மா கேட்டுவிடக் கூடாது என்று மெல்லச் சொன்னாள். அவனால் தாங்க முடியவில்லை. பஞ்சாமிர்தத்தைத் தேடிப் போனது பக்தன் இல்லை, அப்பன். முருகனைத் துணைக்கு இழுத்துக்கொண்டான், அவ்வளவுதான். கடைசி மூடியை வழித்துக் கொடுத்துவிட்டு அவள் வாயைத் துண்டால் துடைத்தபோது, "அம்மாகிட்ட சொல்லிராத சாமி, வைவா. இது சாமிக்கும் நமக்கும்" என்றான். அவள் தலையாட்டினாள். ஒன்பது மணிக்கு சிஸ்டர் கையில் தாளோடு வந்து கேட்டாள். ரேணுகா ஒப்பித்தாள்: ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு இட்லி, பத்துக்கு அரை டம்ளர் பால், அதோட சரி. சிஸ்டர் விளையாட்டாகக் குனிந்து, "குட்டி, அம்மாவுக்குத் தெரியாம ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள். பிள்ளை சிஸ்டரைப் பார்க்கவில்லை. நேராக அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை, ஒரு கூட்டாளியின் பெருமிதம்தான். அவனும் கண்ணால் சிரித்தான். அப்புறம் தாளில் கையெழுத்துப் போட்டான். இதெல்லாம் நடந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எப்படிச் சிரித்தேன் என்று அவனுக்கு இப்போது மனசு ஆற மாட்டேனென்கிறது.

எழுந்து போய்ச் சொல்லிவிட்டால் என்ன? கதவு பத்தடி. அழைப்பு மணி இருக்கிறது. சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். ஏற்கெனவே சளி என்று ஒரு தரம், காய்ச்சல் என்று ஒரு தரம் தள்ளிப்போய், இது மூன்றாம் தரம். இந்த டாக்டர் மாதத்தில் இரண்டு நாள்தான் இங்கே வருகிறவர். அடுத்த தேதிக்குள் பிள்ளைக்கு மறுபடி சளி பிடித்தால்? மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறதே. சரி, சொல்லாவிட்டால்? மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, செரித்திருக்கும், பிள்ளை வயிறு சின்ன வயிறு, அதில் எரிக்கிற வேகம் அதிகம். யார் சொன்னார்? யாரும் சொல்லவில்லை, அவனே சொல்லிக்கொண்டான். ரேணுகா என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம். இன்னொன்றும் இருந்தது, அதை அவன் கிட்டே போய்ப் பார்க்கவே இல்லை: பிரசாதம் கெடுதல் செய்யும் என்று இந்த வாயால் எப்படிச் சொல்வது? முருகன் கொடுத்தது முருகன் பிள்ளைக்கு எமனாகுமா? பதினாறு வருஷம் நடந்த கால் இதைச் சொல்ல எழுந்து நடக்குமா? எழப் போனவன் மறுபடி உட்கார்ந்தான். ரேணுகா அதைப் பார்த்துவிட்டு, தன் கையை அவன் முழங்கால் மேல் வைத்து அழுத்தினாள். "ஒண்ணும் ஆகாதுங்க. நாம எல்லாம் சரியாத்தான பண்ணியிருக்கறோம்" என்றாள். கொலுசு அவன் முழங்காலில் உறுத்தியது.

அவள் காலடியில் பை. பைக்குள் துண்டு, துண்டுக்குள் டப்பா. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள், இவன் கனம் மனைவியின் காலடியிலேயே கிடக்கிறது. குனிந்து துண்டை எடுப்பவன் போல உள்ளே கைவிட்டு மூடியைத் தடவினான். பிசுபிசுத்தது. எவ்வளவு இருக்கிறது என்று விரலை விட்டு ஆழம் பார்த்தான். கிணற்றில் கயிறு விட்டுப் பார்ப்பது போல விரல் போய்க்கொண்டே இருந்தது, பாதி டப்பா தாண்டியபிறகுதான் குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. நாலு வாய்கூட இல்லையோ, அதற்கும் மேலோ. கையை வெளியே எடுத்தான். விரல் நுனியில் ஒரு சின்ன வெல்லக் கறை, வாசனை. அப்போது எதிரே வெளிச்சம் மாறியது போல இருந்தது. நிமிர்ந்தான். கதவுக்கு மேலே விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "ஆரம்பிச்சுட்டாங்க" என்று உடுமலைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரேணுகா கண்ணை மூடிக் கைகூப்பினாள். நாச்சிமுத்து எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. மணியை அழுத்த வேண்டும் என்று தோன்றவில்லை, இரண்டு கையாலும் கதவை அடித்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் டப்பா இருந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. பச்சைத் தொப்பி போட்ட சிஸ்டர், "என்ன இது, இப்படித் தட்டக் கூடாது" என்றாள். "சிஸ்டர், எம்புள்ள சாப்புட்டிருக்குதுங்க. நான்தான் குடுத்தேன். காலைல ஏழு மணிக்கு." சிஸ்டரின் முகம் மாறியது. "என்ன கொடுத்தீங்க? எவ்வளவு?" ஒரு விரல் நுனி என்று நாக்கு வரை வந்தது. "பஞ்சாமிர்தமுங்க. நாலு வாய். நாலுக்கு மேலயே இருக்குமுங்க, பாருங்க, பாதி டப்பா. பேரீச்சம்பழம் மென்னு தின்னுச்சு. வேண்டுதலுன்னு தொட்டு வெச்சேன், ஆனா வேண்டுதலுக்கு இல்லீங்க. பசிக்குதுன்னா, எனக்குத் தாங்கல." சிஸ்டர் கேட்டு முடிக்கக்கூட இல்லை, "மேடம், நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். கதவு தானாக மூடிக்கொண்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ரேணுகா நிற்கிறாள் என்று கொலுசுச் சத்தத்தில் தெரிந்தது. டிவியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. நிறுத்துங்க என்றால் நிறுத்த முடிகிற இடத்தில் இருக்கிறார்களா, இல்லை தாண்டிவிட்டார்களா? ஒரு தடவை மின்சாரம் பாய்ந்துவிட்டால் பிறகு சுவிட்சை அணைத்து என்ன பிரயோஜனம், கரிந்தது கரிந்ததுதான். முருகா, நான் கொடுத்ததை நீ எடுத்துக்கொள், அவள் வயிற்றிலிருந்து எடுத்துக்கொள், இனி உன் மலைக்கு முட்டிபோட்டே ஏறுகிறேன். அப்படிச் சொல்லும்போதே இன்னொரு வேண்டுதலா என்று அவனுக்கு அருவருப்பாக இருந்தது. விளக்கையே பார்த்தான். பார்த்துப் பார்த்து அது கண்ணுக்குள் இரண்டாகவும் மூன்றாகவும் ஆனது. பிறகு அணைந்தது.

வெளியே வந்தது மயக்க மருந்து டாக்டரம்மாதான். சின்ன வயசுப் பெண், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தாள், நெற்றியில் வியர்வை. "அப்பா யாரு, நீங்களா?" என்றாள். "மயக்க மருந்து ஊசி கையில இருந்துச்சு. டியூபுல மாட்டிட்டேன். அழுத்தணும், அவ்வளவுதான் பாக்கி. புரியுதா உங்களுக்கு?" திட்டப் போகிறாள் என்று நாச்சிமுத்து தலையைக் குனிந்தான். அவள் திட்டவில்லை. "சொன்னீங்களே. நிறையப் பேர் சொல்ல மாட்டாங்க" என்றாள். "சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசியா எடுத்துக்கறேன்னு சார் சொல்லிட்டார். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூட நான் சொல்லாம உள்ள போகக் கூடாது. பிரசாதம், தீர்த்தம், விபூதி, எதுவும். அந்த டப்பாவை முதல்ல இங்க குடுங்க." கொடுத்தான். உடுமலைக்காரர் தன் பிளாஸ்க்கை நாற்காலிக்கு அடியில் மெல்லத் தள்ளினார்.

தள்ளுவண்டி வந்தது. பச்சை அங்கிக்குள் பாப்பா கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தாள், கையில் ஊசி செருகி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டாள். அப்பாவைக் கண்ணால் கூப்பிட்டாள். அவன் குனிந்து காதைக் கொடுத்தான். "அந்த டாக்டரக்கா மூணு தடவ கேட்டாங்கப்பா" என்று ரகசியமாகச் சொன்னாள். "நான் சொல்லவே இல்ல." அவள் முகத்தில் அந்தக் கூட்டாளிப் பெருமிதம் அப்படியே இருந்தது. நாச்சிமுத்துவால் நிமிர முடியவில்லை. தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதன்மேல் வைத்து, எல்லார் முன்னாலும் விசும்பினான். மூன்று தடவை. மூன்று தடவையும் இந்தப் பிள்ளை தன் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்காக வாயை மூடியிருக்கிறது. "நான் சொல்லிட்டேன் சாமி, நாலு வாய்னு" என்றான். அவள் முகம் சுருங்கியது. "ஏன்ப்பா? சாமிக்கும் நமக்கும்தான?" ரேணுகா முன்னால் வந்தாள், அவனைப் பார்க்காமல் மகளின் காலைப் பிடித்து, கொலுசை மறுபடி மாட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்தைத் துடைத்தான். "இனிமேல்ட்டு டாக்டரு கேட்டா, சிஸ்டரு கேட்டா, இருக்கறத அப்படியே சொல்லிப்போடோணும் கண்ணு."

"நீ சொல்லாதன்னு சொன்னா?"

"நான் சொன்னாலும்."

அவள் யோசித்தாள். தள்ளுவண்டி நகரத் தொடங்கியது. அட்டெண்டர் தள்ள, ரேணுகா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். லிஃப்டுக்குப் போகும் வழியில் காலையில் தாளோடு வந்த அதே சிஸ்டர் எதிரே வந்து, "என்ன குட்டி, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள். பாப்பா ஒரு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு பிளாஸ்திரி ஒட்டாத கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"நாலு இல்ல சிஸ்டர்" என்றாள். "அஞ்சு வாய்."